சில்லுக்குக் கீழே தேசிக்காய்

கனடாவில், ஸ்காபரோவின் ஃபிஞ்ச் பஸ்சில், எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். நீல ஜாக்கெட் போட்டிருந்தவர் சொன்னார்:

"பிள்ளையளின்ரை பஸ் சில்லுக்குக் கீழை நான்தான் தேசிக்காய் வைச்சனான்."

மடியில் மரக்கறிப் பையோடு இருந்தவர் திரும்பினார். "எந்தப் பிள்ளையள், அக்கா?"

"மகளின்ரை ரீம். கொலிஜிலை லக்ரோஸ் கோச் எல்லோ. வலை கட்டின தடியாலை பந்து எறியிற விளையாட்டு. ஃபைனலுக்கு வெளிக்கிடேக்கை வைச்சன்."

"டிரைவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பாத்தான். பிறகு நசிச்சுக்கொண்டு எடுத்தான்."

"பிள்ளை அங்கை படிப்பிக்கிறா எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கோச் எண்டால் எங்கடை ஆக்களுக்கு விளங்குமே? அதாலை அப்பிடிச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். இஞ்சினியரிங்கை விட்டிட்டுப் போனவள். முதல் கனகாலம் உதவிக் கோச், தடியும் பையும் தூக்கினவள். பிறகுதான் ஹெட் கோச். இந்த முறையும் தோத்தால் வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்."

"பிறகு?"

நீல ஜாக்கெட்காரர் ஃபோனை நீட்டினார். "கப்போடை நிக்கிறாள், பாருங்கோ. பெட்டையள் தண்ணியை ஊத்தி நனைச்சுப்போட்டாளவை. இனி ஆர் கேட்டாலும் கோச் எண்டுதான் சொல்லுவன்."

மற்றவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்ப தேசிக்காய் வேலை செய்திருக்கு."

நீல ஜாக்கெட்காரர் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தேசிக்காய் பஸ்சுக்கு. வெண்டது என்ரை மகள்."