மணியில் பிழை இல்லை

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, பிள்ளை. இந்த மேசைதான் கொஞ்சம் ஆடுகிறது. ஒரு காலுக்குக் கீழே கடதாசியை மடித்து வைத்தீரென்றால் நின்றுவிடும். முப்பத்தைந்து வருடமாக லொறிகளுக்கு ரயர் மாட்டுகிற கடை வைத்திருப்பவனுக்கு, ஆடுகிற எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது.

பெயர் தயாபரன், ஊர் வேலணை. அதை எழுதிவிட்டீர். மற்றதையும் தமிழிலேயே எழுதும். சிங்களத்துக்குப் போனால் மணியும் சவ்வரிசியும் ஒன்றாகிவிடக்கூடும். அவை இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் நான் யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறிப் பொலிசுக்கு வந்திருக்கிறேன்.

மூன்று நாளாக முகப்புத்தகத்தில் எழுதுகிறார்கள், ரயருக்குள் கனடா மணி போட்டதால்தான் தண்ணி ஏற்றுகிற பவுசர் லொறி, கடல் நடுவே போகிற தாம்போதி றோட்டிலிருந்து கடலுக்குள் போனதென்றும், சாரதி றொபின்சன் செத்ததென்றும். ஒன்றும் தெரியாத சனம் எப்படி எழுதலாம்? மணியில் ஒரு பிழையும் இல்லை.

உமக்கு விளங்கும்படி சொல்கிறேன். எந்த வாகனத்துச் சில்லிலும் ஒரு பக்கம் பாரம் கூடத்தான் இருக்கும். ஓடும்போது அது உதறும். அதற்காக எதிர்ப்பக்கத்து விளிம்பில் ஈயக்கட்டி அடிப்பது எங்கள் பழைய முறை. கனடாவில் பெரிய லொறி ஓடுகிற என் மச்சான் சுபாஸ்கரன் சொன்னான், அங்கே ஈயம் அடிக்காமல் ரயருக்குள் சின்ன மணிகளைக் கொட்டிவிடுகிறார்களாம். சில்லு சுழல, அவை தாங்களாகவே பாரம் குறைந்த பக்கத்துக்குப் போய் நிற்குமாம். நான் எங்கள் ஊர்ச் சங்கத்தில் பதினாறு வருடம் உபதலைவர். பாரம் குறைந்த பக்கத்துக்குத் தானாகப் போன ஒரு மனிதரை அங்கே கண்டதில்லை. அதனால் அந்த மணிகள்மேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரரிடம் சுபாஸ்கரன் சில பைகள் கொடுத்துவிட்டான். வெள்ளை வெளேரென்ற மணிகள். நான்கு லொறிகளுக்குப் போட்டேன், நான்கும் பட்டுப்போல ஓடின. கடைக்கு ‘கனடா ரயர்’ என்று பலகை வைத்தேன். கடையிலிருந்த ஈயம் முழுவதையும் மண்டைதீவில் வலை கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பாரம் பார்க்கிற மெசினை மூலைக்குத் தள்ளி, அதன்மேல் வாழைக்குலை பழுக்க வைத்தேன். முன்னேற்றம் என்றால் பின்னுக்குப் பார்க்கக் கூடாது.

பவுசர் அதன் பிறகுதான் வந்தது. குறிகட்டுவான் பக்கத்துச் சனம் வெயில் காலத்தில் குடிதண்ணிக்குப் படுகிற பாடு உமக்குத் தெரியும். கனடாவில் இருக்கிற எங்கள் ஊரவர்கள் சேர்ந்து சங்கத்துக்குக் கொடுத்த பவுசர் அது. கையளிப்பு விழா என் கடை முன்றிலில். முன்சில்லு இரண்டுக்கும் நான் மணி கொட்டுவதாக அழைப்பிதழிலேயே அடித்திருந்தது. தொலைபேசியில் நேரடி வீடியோ. கனடாவில் விடியற்காலையில் எழும்பி ஊரவர்கள் முழுப்பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாரதி ஊர்காவற்றுறை றொபின்சன். ஒரு காலத்தில் பெரிய குடிகாரன், அதனால் ஓடிய லொறி எல்லாம் கைவிட்டுப் போனவன். மாதாவுக்கு முன்னால் சத்தியம் பண்ணி, பதினொரு வருடம் வாயில் வைக்கவில்லை. அவனை நம்பி ஒருவர் வாகனம் கொடுத்தது அன்றுதான். சாவியை வாங்கியபோது அழுதுவிட்டான். அவன் மனைவி மேரிசுகந்தியும் அழுதாள்.

வலச்சில்லுக்கு மணி கொட்டினேன். பிறகுதான் பார்த்தேன், பை முடிந்துவிட்டது. வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டக் காட்ட, கைநிறையக் கொடுத்து முடித்தவன் நான்தான். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசினால் அரை மணித்தியாலம் நிச்சயம். எங்கள் வீட்டுக் குசினிக்குள் போனேன். விழாப் பாயாசத்துக்கென்று என் மனைவி கமலாதேவி சவ்வரிசி வைத்திருந்தாள். அதே நிறம், ஏறக்குறைய அதே உருட்டு. இடச்சில்லையும் வீடியோவுக்கு முன்னால்தான் நிரப்பினேன், எல்லோரும் கை தட்டினார்கள். பாயாசத்தில் சவ்வரிசியைக் காணவில்லையே என்று தலைவர் சொன்னார். அன்றைக்கு விழாவில் வந்த குறை அது ஒன்றுதான்.

அடுத்த பொதி வந்ததும் மாற்றிவிடுவதாகத்தான் நினைத்தேன். இதையும் எழுதும், என் மனதில் கெட்டது இல்லை. மூன்று கிழமையில் பொதி வந்தது. ஆனால் சில்லைக் கழற்றினால் றொபின்சன் பக்கத்தில் நிற்பான். சவ்வரிசியைக் காண்பான். அவன் வாயில் எதுவும் தங்காது. ‘கனடா ரயர்’ ஒரே நாளில் ‘பாயாசக் கடை’ ஆகிவிடும். எங்கள் சனம் பட்டம் வைத்தால் பேரப்பிள்ளை காலம்வரை போகும், பிள்ளை.

எங்கள் காற்றில் ஈரம் அதிகம். காற்றடிக்கிற தாங்கியின் அடியிலும் எப்போதும் தண்ணி நிற்கும். அந்த ஈரமும் தார் றோட்டின் வெக்கையும் சேர்ந்தால் சவ்வரிசி என்ன ஆகுமென்று கமலாதேவியைக் கேட்டால் சொல்லுவாள். நான் கேட்கவில்லை.

இரண்டாம் மாதம் றொபின்சன் வந்தான். “அண்ணை, ஸ்ரேறிங் உதறுது. கையெல்லாம் விறைச்சுப்போகுது. அந்த மெசினிலை ஒருக்கால் போட்டுப் பாப்பமே?”

“குலை இன்னும் பழுக்கேல்லை,” என்றேன்.

அவனோடு ஒரு பயணம் போனேன். தாம்போதி ஏறியதும் பவுசர் உதறிய உதறலில் என் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, றொபின்சன். உம்மட கைதான் நடுங்குது போல,” என்று சொன்னேன்.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். பாவம், பயத்தில் அது உண்மையாகவே நடுங்கியது.

நானே அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் செலவில் ஓட்டோ, என் நேரம். இரத்தத்தில் கொஞ்சம் சீனி இருக்கிறது என்றார். தீவுப்பகுதியில் சீனி இல்லாதவர் யார்? குளிசை கொடுத்தார். நேரத்துக்கு விழுங்கச் சொல்லி நான்தான் நாளாந்தம் நினைவூட்டினேன்.

பிறகு சங்கச் செயலாளர் கேட்டார், றொபின்சன் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிட்டானோ என்று. குடிக்கிறான் என்று நான் சொல்லவில்லை. குடிக்கிறானோ இல்லையோ எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். இன்னொரு புகார் வந்தால் சாவியை வாங்கிவிடுவோம் என்று அவனுக்குக் கடிதம் போனது.

ஒரு நாள் மேரிசுகந்தி கடைக்கு வந்தாள். கதிரை போட்டேன், அதில் இருக்காமல் நின்றுகொண்டே கேட்டாள்.

“அண்ணை, உங்கட வாயாலை சொல்லுங்கோ. இவர் குடிக்கிறாரோ? வேலையாலை வந்த உடனை நான் வாயை மணந்து பாக்கிறன். மணமில்லை. பிள்ளையளுக்கு முன்னாலை வாயைத் திறந்துகொண்டு நிக்கிறார் அண்ணை, என்னாலை அதைப் பாக்க ஏலாமக் கிடக்கு. ஆனா ஊரெல்லாம் கதைக்குது.”

உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம்தான். கடையில் வேறு ஆட்களும் இல்லை. நான் சொன்னேன்: “குடிச்சாலும் நல்ல மனிசன் பிள்ளை. கோவிக்காதையும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கல்மனம் என்று எழுதிவிடாதேயும்.

கடந்த வியாழக்கிழமை காலை, சாட்டிக் கிணற்றில் தண்ணி நிரப்பிக்கொண்டு றொபின்சன் கடை வாசலில் நிறுத்தினான். முகம் தெளிந்திருந்தது.

“அண்ணை, தண்ணியை இறக்கிப்போட்டு நேரை யாழ்ப்பாணம் கொண்டுபோறன். அங்கை மெசினிலை போட்டுப் பாக்கட்டும். பிழை என்ர கையிலையோ சில்லிலையோ எண்டு தெரிஞ்சால் காணும். கையிலை எண்டால் நானே சாவியைக் குடுத்திடுவன். சுகந்தி இப்ப என்னை நிமிந்து பாக்கிறேல்லை.”

“ஓம், போய்ப் பாரும்,” என்றேன். காற்றுப் பார்ப்பதற்காக இடச்சில்லின் அருகே குனிந்தேன். இரண்டு நட்டுகள் விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. மற்றவற்றைச் சுற்றியும் துரு கோடாக வழிந்திருந்தது. மாதக் கணக்காய் உதறினால் அப்படித்தான். நட்டு இறுக்குகிற சாவிக்கோல் என் காலடியில் கிடந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் இறுக்கினால், சில்லு ஆடியது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அவன் வேறு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எழும்பிக் கையைத் துடைத்தேன். “காத்துச் சரி. மெதுவா உருட்டிக்கொண்டு போகாதையும். வேகத்திலைதான் மணி தன்ர இடத்துக்குப் போகும்,” என்றேன். அது மணிக்குச் சரியான புத்திமதி. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். சொன்னபடி வேகமாகத்தான் போயிருக்கிறான். தாம்போதியின் நடுவில் சில்லு கழன்று தனியே ஓட, பவுசர் கடலுக்குள் குடைசாய்ந்தது. அந்த இடத்தில் தண்ணி முழங்கால் அளவுதான், ஆனால் றொபின்சன் பவுசருக்குக் கீழே நசுங்கிவிட்டான். குறிகட்டுவான் சனத்துக்குப் போகவிருந்த ஆறாயிரம் லீற்றர் நல்ல தண்ணியும் உப்புக்குள் போனது. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பிரேத பரிசோதனையில் குடித்ததற்கான அடையாளமே இல்லையாம். செத்தவீட்டில் மேரிசுகந்தி அந்தக் கடதாசியை வந்த ஒவ்வொருவரிடமும் நீட்டி, “வாசியுங்கோ, சத்தமா வாசியுங்கோ,” என்றாள். என்னிடமும் நீட்டினாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன். சேமக்காலைக் கல்லறை வரைக்கும் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். முன்னால், இடப்பக்கம். வழி முழுவதும் பெட்டி ஆடியது. பின்னால் வந்தவர்கள் உயரம் ஒத்து வரவில்லை.

ஆகவே எழுதும். அந்த இடச்சில்லு உங்கள் வளவுக்குள்தான் கிடக்கிறது. வெட்டிப் பாரும், ஒரு பக்கத்தில் கஞ்சி கட்டிப் பிடித்திருக்கும். வலச்சில்லையும் வெட்டிப் பாரும், மணிகள் முத்துப்போல ஓடித் திரியும். சவ்வரிசி போட்டது நான். உதறியதைத் தெரிந்துகொண்டே அவன் கையில் பழி போட்டதும் நான். நட்டு தளர்ந்திருந்ததைக் கண்டும் அவனை வேகமாகப் போகச் சொன்னதும் நான். இவ்வளவையும் ஏன் ஒப்புக்கொள்கிறேன் என்றால், ஒரு நல்ல பொருளின் பெயர் அநியாயமாகக் கெடக் கூடாது. சுபாஸ்கரன் அங்கே தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.

எங்கே கையெழுத்து? இங்கேயா? பேனையைத் தாரும்.

கோணலாகப் போகிறது பாரும், மேசை இன்னும் ஆடுகிறது.

“கடதாசி மடிச்சு வைச்சிட்டன், ஐயா. நான் ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். மேசை ஆடேல்லை.”

இல்லைப் பிள்ளை, உமக்குத் தெரியாது. மேசைதான்.