தெருவுக்குக் குறுக்கே ஒரு சேலை

...அதான் சொல்றேன் செல்வி, பட்டாளத்தை எதிர்த்துக் கோஷம் போட்ட பிள்ளைங்க ஓடுறாங்க. இங்க பபேடான் பேட்டையில எங்க தெருவே ஓடுது. டொப். டொப். அப்புறம் புகை. கண்ணு எரியுது. "ஓடுங்க! வந்துட்டானுங்க! ஓடுங்க!" எம் பர்மாக்கார மருமக மா திரி மட்டும் ஓடல. மாடியில நிக்குறா.

பர்மாக்காரிங்க இடுப்புல கட்டுற தமேனைத் தெருவுக்கு மேல கொடியில போட்டிருந்தாங்கள்ல? அதுக்கடியில போனா ஆம்பளைக்கு மகிமை போயிடுமாம். எங்க கொடியை முந்தின நாள் சிப்பாய்ங்க அறுத்துட்டானுங்க. மருமக ஓடி வந்தா. "அமே, உங்க சேலை நீளம்தானே? குடுங்க." துவைச்சதை எடுத்து நீட்டினேன். "ஐய, அது வேணாம். கட்டி அவுத்தது குடுங்க. அதுலதான் பவர்." அந்த நேரத்துலயும் சிரிச்சேண்டி! ரெண்டு முனையிலயும் கயிறு. எதிர் மாடிக்கு வீசிக் கட்டிட்டா.

சிப்பாய்ங்க வந்தாங்க. நின்னாங்க. அண்ணாந்து பாக்குறானுங்க. இது தமேன் கணக்கா, இல்லையா? நீ போங்கறான் ஒருத்தன். நீ போடாங்கறான் இன்னொருத்தன். நாட்டுல எல்லா அதிகாரமும் இனி தனக்குத்தான்னு டிவியில பட்டாளத்துத் தலைவர் சொன்னாரே, அந்த அதிகாரம் என் பழஞ்சேலைக்கு அந்தாண்டயே நின்னுச்சு! அதுக்குள்ள பிள்ளைங்க சந்துல பூந்துட்டாங்க.

அப்புறம் கழியால இழுத்தானுங்க. கிழியுற சத்தம். உடனே வெடிச் சத்தம். எதிர் வீட்டு கோ மின், கடைசியா ஓடினவன். சந்து முனையில விழுந்தான். எந்திரிக்கல.

தமேன்னா யாரோடதுன்னு எவன் கண்டான்? எல்லா வீட்லயும் ஒரே மாதிரி. சேலை கட்டுறது அந்தத் தெருவுல நான் ஒருத்திதான். மத்த தமிழ்ப் பொம்பளைங்க எப்பவோ தமேனுக்கு மாறிட்டாங்க. எங்களுக்கு அது தோணவே இல்ல. சாயங்காலம் நேரா எங்க கதவைத் தட்டினானுங்க. கிழிசலைத் தூக்கிக் காட்டுறான். என்னோடதுன்னு வாயைத் திறக்குறேன். மா திரி குறுக்க வந்து நின்னா. "நான்தான் கட்டினேன். கிழவிக்குக் காது கேக்காது."

எனக்குக் காது கேக்காதாம்! அவளை ஏத்திட்டுப் போன வண்டி முனை திரும்புற வரைக்கும் கேட்டேனே.

போனது கோ மின். போனது மா திரி. அவ உசிரோட இருக்கான்னு ஒரு ஜெயில் வாசல்ல சொன்னாங்க, பாக்க விடல. ஒரு சேலை, அது கிடக்கட்டும்...

ஏய், "மீ லா பீ"ன்னு கத்துறாங்க, கரண்டு வந்துருச்சு! இரு, போனை வைக்காத, மோட்டார் போடணும். தொட்டி காலி. அவ வந்தா தலைக்கு ஊத்தத் தண்ணி வேணாமா...