பன்னிரண்டாம் தேதி வரை

— அப்பாவோட கைக்கடிகாரத்தை அருங்காட்சியகத்துக்குக் குடுக்க மாட்டேன்னு நான் சொல்லலையே சார். பலகையில எழுதியிருக்கிறது பொய். அதை மாத்துங்கன்னுதான் சொல்றேன்.

— பாரும்மா, நாளைக்கு அருங்காட்சியகம் திறக்கப்போறோம். 'தபால் விமானம் மலையில் மோதியது. விமானி அந்தக் கணமே உயிர் நீத்தார்.' இருபத்தெட்டு வருஷமா விசாரணை அறிக்கையில இருக்கிறதுதானே?

— எங்கப்பா அந்தக் கணமே சாகல.

— பெத்த பொண்ணுக்கு அப்படித்தாம்மா தோணும்.

— தோணல சார். கையில வாங்கிப் பாருங்க. தபால் விமானிகளுக்குன்னே செஞ்சது. கையுறை போட்டுக்கிட்டே திருப்பலாம், அவ்வளவு பெரிய திருகு. அந்தச் சின்னக் கட்டத்துல என்ன தேதி?

— பன்னிரண்டு.

— விமானம் விழுந்தது?

— ஏழு.

— இது ஆட்டோமேடிக். கை அசைய அசையத் தானா ஓடும். கை அசையறது நின்னா, மிஞ்சிப்போனா ரெண்டு நாள்தான் ஓடும். ஏழாம் தேதியே செத்தவர் கையில பன்னிரண்டு வரைக்கும் எப்படி ஓடுச்சு?

— பாரும்மா, உடம்பைத் தூக்கிட்டு வரும்போது குலுங்கி ஓடியிருக்கும்.

— உடம்பு கிடைச்சதே ஒரு மாசம் கழிச்சு. அதுக்குள்ள மழையில துருப்பிடிச்சு உள்ளே எல்லாம் இறுகிப்போச்சு. எவ்வளவு வேணா குலுக்குங்க, அசையாது.

— தேதியை அவரே தப்பா வச்சிருந்தா?

— கிளம்புற அன்னிக்கு நேரம், தேதி ரெண்டையும் சரிபார்த்துக் கையெழுத்து போட்டிருக்கார். உங்க ஆபீஸ் பதிவேட்டுலதான் பார்த்தேன்.

— அப்போ... பன்னிரண்டுல அந்த ரெண்டு நாளைக் கழிச்சா... பத்தாம் தேதி வரைக்கும்...

— உயிரோட இருந்தார். நீங்க தேடுறதை நிறுத்தினது எட்டாம் தேதி சாயங்காலம். எங்கம்மா உங்க ஆபீஸ் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, 'இன்னும் ரெண்டே நாள் தேடுங்க'ன்னு கதறினாங்க. பைத்தியம்னு சொல்லி விரட்டிவிட்டாங்க.

— இப்பப் போய்க் கிளறி யாருக்கு என்னம்மா ஆகப்போகுது? மேலிடம் ஒத்துக்காது.

— ஒத்துக்க வேண்டாம். நாளைக்குக் கடிகாரத்தோட உங்க வாசல்லயே நிப்பேன். வர்றவங்க ஒருத்தர் விடாம தேதியைக் காட்டுவேன். அம்மாவை விரட்டின மாதிரி என்னையும் விரட்டிப் பாருங்க.

— ...பேனா வச்சிருக்கியாம்மா?

— எதுக்கு?

— பலகையில அதை அடிச்சிட்டு, மூணு நாள் உயிரோட இருந்தார்னு எழுது. எட்டாம் தேதியே தேடலை நிறுத்திட்டாங்கன்னு எழுது. நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து போட்ட அதிகாரி பேரையும் கீழே போடு.

— அறிக்கையில அந்தப் பேரே இல்லையே சார்?

— என் பேருதாம்மா அது.