பின்பக்க ஜன்னல்

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“டீ வண்டிக்குப் பின்னால ஒரு ஜன்னல் வெட்டிக் குடுண்ணே. அந்தப் பக்கமும் பாட்டு கேக்குறாங்க.”

“முன்னால பாடறவங்களுக்கு மேடை, ரெண்டு பக்கமும் மடக்கு பெஞ்சு, மேல மைக்கு. மாப்ள சாவறதுக்கு முன்னால வரஞ்சு குடுத்த மாதிரியேதான செஞ்சேன்? அதுல ஜன்னலு இல்லியே.”

“சாயங்காலம் யாராச்சும் மேடையேறிப் பாடுனா, பின்னாலேர்ந்து தகரத்துல தாளம் தட்டுறாங்க.”

“காத்துல தகரம் அடிச்சுக்கும். ஸ்குரூவ முறுக்கி வுடுறேன்.”

“காத்து பாட்டுக்கு ஏத்த மாதிரியா தட்டும்?”

“அப்ப எவனாச்சும் குடிகாரனா இருப்பான்.”

“பின்னால பூரா செராமிக் கம்பெனில கொட்டுன ஒடஞ்ச பீங்கான். கால வெச்சாலே நொறுங்கும். அந்தச் சத்தம் கேக்கவே இல்லண்ணே.”

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

“வண்டிய அங்க வெக்காத. நாளைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் இழுத்தாந்து வுட்டுடறேன்.”

“வேணாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கடேசித் தட்ட முந்தித் தட்டுறாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொல்லிச் சொல்லியும் அவருக்கு அந்தப் பழக்கம் போகல.”

பஸ் ஊருக்குள் நுழைந்து நின்றது. பாதிப் பேர் இறங்கிய பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“எவ்ளோ ஒசரத்துல வெட்டணும்?” என்று கேட்டான்.

“என் கண்ணு ஒசரத்துக்கு வெட்டிடாத. அவரு என்னவிடக் குள்ளம்.”