சோத்துக்கைப் பக்கம்

– தலை வாரிவிட்டாச்சு. பட்டன் போட்டுவிட்டாச்சு. டிரைவிங் ஸ்கூலுக்குக் கொண்டுவந்து, ஸ்கூல் வண்டியிலயும் ஏத்தியாச்சு. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா டீச்சர்?

– சட்டையை... சட்டையைப் போடுங்க.

– போட்டுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்?

– அது இல்லைங்க. தோள்ல... இழுத்து மாட்டறது.

– பெல்ட்டா?

– ம். பெல்ட். பெல்ட். வந்துடுச்சு.

– மெதுவா வரட்டும். ஆனா எனக்கு ஒண்ணு மனசுல உறுத்துது. நேத்து வரைக்கும், நானே வாரிக்கறேன், நானே பட்டன் போட்டுக்கறேன்னு மல்லுக்கு நின்ன. இன்னிக்கு மகாராணி மாதிரி உட்கார்ந்து எல்லாத்தையும் என் தலையில கட்டிட்ட. பயமா?

– மிச்சம் பிடிக்கறேன்.

– எதை?

– தெம்பை. பெட்ரோல் கம்மியா இருந்தா... ஏசியை அணைச்சுட்டு ஓட்டுவீங்கல்ல? அதான். தலை வாரறது, ஏசி.

– அடி சக்கை. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வீடு திரும்பின புதுசுல இந்த ஞானம் எங்க போச்சு? ஒரு நாள் உடம்பு கொஞ்சம் தேவலைன்னதும், வீட்டுல இருந்த திரைச்சீலை அத்தனையும் கழட்டித் துவைச்ச. அப்புறம் வாரம் பூரா கட்டிலே கதின்னு கிடந்த. தண்ணி டம்ளரைத் தூக்கக்கூட நான் வரவேண்டியிருந்துச்சு.

– அப்ப தெரியல. இருந்ததை எல்லாம்... ஒரே நாள்ல தீர்த்துட்டேன். இப்ப ஒரு வேலை. படுக்கை. அப்புறம் இன்னொரு வேலை.

– அதெல்லாம் சரி. காலையில நான் குளிச்சுட்டு வந்து பார்த்தா, மேசை, நாற்காலி, தரை எல்லாம் சோறு சிந்திக் கிடக்கு. வலது கை வராம போய், இடது கையால சாப்பிடப் பழகினப்புறம் நீ ஒரு பருக்கை சிந்தினதில்ல. மறைக்காம சொல்லு, கை நடுங்கிச்சா? உன் ஸ்கூல் முதலாளிகிட்ட பேசி, இந்த டெஸ்டை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

– வேணாம். இன்னிக்குத்தான்.

– பிடிச்ச பிடியை விடமாட்ட. அப்ப ஒண்ணு பேசி வச்சுக்குவோம். வலது இடதுன்னு சொல்லப் போய் மாட்டிக்காத, அது ரெண்டும் உன் வாயில இடம் மாறி மாறித்தான் வருது. உன் பழைய பாட்டையே பாடு.

– பதட்டத்துல வலது இடது மறக்கும்.

– சோத்துக்கை மறக்குமா? அதேதான். உன்கிட்ட வண்டி கத்துக்கிட்ட அத்தனை பேரும் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லித்தானே திரும்பறாங்க. என்ன, நம்ம வீட்டுல மட்டும் இப்ப சோத்துக்கைன்னா இடது. நீ சாப்பிடற கை. எனக்கு மனப்பாடம். நீ சொல்லு, நான் திரும்பறேன்.

– இல்லைங்க, சோத்துக்கைன்னா...

– ஸ். முதலாளி வர்றார். வாங்க சார், உட்காருங்க.

– இருங்க, இருங்க, இறங்காதீங்க. நான் பின்னாடி ஏறிக்கறேன். எப்படிம்மா இருக்க? விஷயம் என்னன்னா, உன்னைப் பார்த்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா சந்தோஷத்துக்காக இந்த சீட்டை யாருக்கும் குடுக்க முடியாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கறது ஒண்ணும் தெரியாத பிள்ளைங்க. அதுங்க உசுரு உன் வாயிலயும், உன் காலுக்குக் கீழ இருக்கற அந்த இன்னொரு பிரேக்கிலயும்தான் இருக்கு.

– தெரியும் சார்.

– தம்பி, இப்ப நீங்க ஒண்ணும் தெரியாத ஆளு. இவ வாயால சொல்றதை மட்டும் கேட்டு ஓட்டணும். கையைப் பார்க்கறது, முகத்தைப் பார்க்கறது எல்லாம் கூடாது. சரியா வந்தா வேலை. வரலைன்னா மனசு சங்கடப்படக்கூடாது.

– நான் நடிக்கவே வேணாம் சார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவகிட்ட ஒண்ணும் தெரியாத ஆளுதான் நான்.

– பேசாம... கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி யாராவது வர்றாங்களா?

– யாரும் இல்ல டீச்சர்.

– கிளட்ச்சை டக்குனு விடாதீங்க. மெல்ல. இன்னும் மெல்ல. ம். நேரா போங்க.

– குரல் பழையபடி இருக்கேம்மா.

– பள்ளிக்கூடம் வருது. பிள்ளைங்க ஓடுவாங்க. கால் பிரேக் மேலயே இருக்கட்டும். நல்லா இருக்கு. இப்ப அந்த முனையில... சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க.

– ரைட்டு டீச்சர்.

– ஏங்க, அந்தப் பக்கம் இல்ல. நில்லுங்க.

– தம்பி, லாரி. எதிர்ல லாரி.

– ஐயோ.

– அப்பாடி. மயிரிழையில நின்னுச்சு. ஒருவழிப் பாதையில எதிர்ப்பக்கமா நுழைஞ்சுட்டீங்களே. நல்ல வேளை, பிரேக்கையாவது அமுக்கினீங்க.

– நான் அமுக்கல சார். எனக்குக் கை கால் ஓடல. என் கால் இன்னும் ஆக்சிலேட்டர் மேலதான் இருக்கு.

– பின்ன யாரு?

– நான் சார்.

– எந்தக் காலும்மா?

– வலது.

– இழுத்துக்கிட்டு இருந்துச்சே, அந்தக் காலா?

– அதான். கூப்பிடறதுக்குள்ள வந்துடுச்சு.

– சார், தப்பு என்மேலதான். அவளைத் தயவுசெஞ்சு...

– உங்க மேலதான்னு எனக்குத் தெரியாதா? பின்னாடி உட்கார்ந்து நானும்தானே கேட்டேன். சோத்துக்கைப் பக்கம்னு பளிச்சுன்னு சொன்னா. சோறு திங்கற எந்தப் பிள்ளையும் வலது பக்கம் திரும்பியிருக்கும். நீங்க ஃபெயில் தம்பி. டீச்சர் பாஸ். நாளைக்கே வந்துடும்மா. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பாடம் எடுப்ப?

– ஒருத்தருக்கு.

– ஒருத்தருக்கா? முன்னல்லாம் காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும் எடுப்பியே.

– இப்ப ஒண்ணு சார். அது சுலபமாகட்டும். அப்புறம் ரெண்டு.

– அதுவும் சரிதான். விஷயம் என்னன்னா, அந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதைச் செவிடாக்கிடுவான் போல. இறங்கிப் போய் சமாதானம் பண்ணிட்டு வர்றேன். தம்பி, நான் வர்ற வரைக்கும் வண்டியை அசைக்காதீங்க.

– போயிட்டார். இப்ப நிஜத்தைச் சொல்லு. நீ வாய் தவறிச் சொன்னது அவர் காதுல சரியா விழுந்துடுச்சா?

– வாய் தவறல.

– நம்ம வீட்டுல சோத்துக்கைன்னா இடதுதானே?

– நேத்து வரைக்கும்.

– நேத்து வரைக்கும்னா?

– காலையிலயே சொல்லியிருந்தா அழுதுட்டு உட்கார்ந்திருப்பீங்க. வண்டி ஓட்ட ஆள் இல்லாம போயிருக்கும். இங்க வந்து சொல்லலாம்னு பார்த்தேன். ஸ்னு அடக்கிட்டீங்க.

– என்னத்தைச் சொல்ல வந்த?

– மேசை பூரா சிந்திக் கிடந்துச்சுல்ல? இன்னிக்கு நான் வலது கையால சாப்பிட்டேங்க.