வராதவர்களின் சம்மதம்

முப்பத்தோராண்டுகள் மலைமக்கள் நலத்துறையின் பதிவு அலுவலராய் விளங்கி, இன்று மாலை விடைபெறும் எங்கள் அண்ணனுக்கு அன்பும் ஆதங்கமும் கலந்து அளிக்கும் மடல்.

கோப்புகளின் காவலரே! குறிப்புகளின் கூர்நோக்கரே! நாலு வரிக் குறிப்பை இரண்டு மணி நேரம் படித்து, தேதி இல்லையென்று திருப்பியனுப்பி, எங்கள் பொறுமையைப் பொடிப்பொடியாக்கிய பெருந்தகையே! வணக்கம்!

மலைமக்களின் ஊர்க்கூட்டமான மலைச்சபை சம்மதிக்காமல் மலையில் சுரங்கமும் கூடாது, அணையும் கூடாது என்னும் தன்னாட்சி மசோதா தங்கள் மேசைக்கு முதன்முதலில் வந்தபோது தங்கள் தலைமுடி கறுப்பு. ஐந்து அரசுகள் வந்தன, போயின. தேர்தலுக்கு முன் அது வாக்குறுதி, தேர்தலுக்குப் பின் பரிசீலனை. கோப்பைத் தூக்கிச் சுமந்த எங்களுக்கே அலுத்துவிட்டதே, காத்திருக்கும் அந்த மக்களுக்கு எப்படி இருக்கும்!

இந்த ஆண்டு, மசோதாவிலிருந்து சம்மதம் என்னும் பிரிவையே நீக்கத் துணிந்தார்கள். மலைச்சபைகளைக் கலந்தாலோசிக்க அறுவடை நேரத்தில், தலைநகரில், பதினோராவது மாடியில் கூட்டம் வைத்தார்கள். நாற்பது நாற்காலிகள் காத்திருந்தன, ஒருவரும் வரவில்லை. "யாரும் வரலைன்னா யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னுதானே அர்த்தம்? அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் இயக்குநர். தங்கள் கையெழுத்தில்லாமல் அந்தக் குறிப்பு சட்டமன்றத்துக்குப் போகாது.

மறுவாரம், மலைச்சபைத் தலைவியான தங்கள் அக்கா தொலைபேசியில் பொரிந்து தள்ளியதை அலுவலகமே கேட்டது. "தம்பி, லெட்டரு நேத்துதான் வந்துச்சு. கூட்டம் போன வாரமே முடிஞ்சிருச்சாமே! இது என்னடா கூத்து?"

தாங்கள் இயக்குநர் அறைக்குப் போய், "வராதவங்க சரின்னு சொன்னாங்கன்னு நான் எப்படி சார் எழுதுறது? அங்க போய்க் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, இருக்கைக்குத் திரும்பித் தேநீர் குடித்தீர்கள்.

மூன்று வாரம் நச்சரித்தார்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாங்களும் நச்சரித்தோம். "ஒரு கையெழுத்துதானே அண்ணே, போட்டுட்டு நிம்மதியாப் போங்களேன்" என்று சொன்ன வாய்கள்தாம் இன்று வாழ்த்துகின்றன. தங்களுக்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்ததும் நாங்கள்தாம். மன்னியுங்கள்.

இன்று காலையும் இயக்குநர் சிரித்தபடி சொன்னார், "பரவாயில்ல, நாளைக்கு அடுத்த ஆள் போட்டுடுவாங்க." அந்த அடுத்த ஆள், இந்த மடலை எழுதி வாசித்துக்கொண்டிருக்கும் நான்தான். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களும் அருள்கூர்ந்து கேட்கட்டும்.

அண்ணனே! நோயற்ற உடலும் நொந்துபோகாத மனமும் பெற்று, அக்காவின் வசவுகளை அருகிருந்து கேட்டபடி நெடுநாள் வாழ்க! இம்மடலின் அடியில் பத்தொன்பது பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். அந்தக் குறிப்பின் அடியில் எங்களில் ஒருவரும் இடமாட்டோம்.

இங்ஙனம்,
பதிவுப் பிரிவுப் பணியாளர்கள் பத்தொன்பதின்மர்