மாப்பிள்ளையை ஏன் காரில் ஏற்றவில்லை

மேடம், வெளியே உங்கள் டிரைவர் ஜீப்பைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மேலே படிந்திருப்பது தூசி மாதிரிதான் தெரியும். அதில் பாதி மணல். காய்ந்த துணியால் தேய்ப்பதும் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு ராவுவதும் ஒன்றுதான். முதலில் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்புறம்தான் துணி. அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "கைதியா வந்துட்டு கிளாஸ் எடுக்குறியா?" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பெயர் பூபாலன். சதுரங்கப்பட்டினத்தில் வீடு, செங்கல்பட்டில் ஆபீஸ். தினமும் போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல். எங்கள் தெருவிலிருந்து கடல் நானூறு அடிதான். எதிர்வீட்டுக் கேட்டின் கீல் மூன்று வருஷத்தில் இற்று விழுந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைக் கையால் உதிர்க்கலாம். என் கார் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, கருநீலம், ஒரு இடத்தில் துரு இல்லை. நீங்கள் கதவின் அடிப்பக்கம் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பார்க்கலாம். துடைப்பக்குச்சியால் வாராவாரம் குத்தி எடுக்கிறேன்.

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடிப்பேன். வாரம் இரண்டு தடவை ஷாம்பு. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் சோப்பு, இன்னொன்றில் துணியை அலசிக்கொள்ள. ஒரே வாளி என்றால் எடுத்த மணலை நாமே திரும்பப் பூசுகிறோம். காக்காய் எச்சத்தைச் சுரண்டக் கூடாது, ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்து அப்படியே தூக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு. அழுக்கு வண்டிமேல் கவர் போடவே கூடாது. இவ்வளவுதான் மேடம். இதைப் பைத்தியம் என்கிறார்கள்.

காரில் ஏறுபவர்களுக்கும் பெரிய கட்டுப்பாடு எதுவும் கிடையாது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். காலை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தின்னக் கூடாது. என் மனைவி சுஜாதா இரண்டு வருஷமாகப் பஸ்ஸில்தான் போகிறாள். அது அவளுடைய சொந்த விருப்பம்.

இன்று காலை அவள் தங்கை அன்பரசிக்குக் கல்யாணம், திருக்கழுக்குன்றத்தில். மாமனார் இல்லை. அதனால் மூத்த மருமகன் காரில்தான் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வர வேண்டும் என்று மாமியார் பார்வதம் முடிவு செய்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. காருக்குப் பூ அலங்காரம் மட்டும் வேண்டாம் என்றேன். காம்பிலிருந்து சாறு இறங்கும், டேப் ஒட்டினால் பிசின் நிற்கும். கடைசியில் ஒரு முழம் மல்லிகைக்கு ஒப்புக்கொண்டேன். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தோம். கல்யாணக்களை இருந்தது.

மாப்பிள்ளை பெயர் ரஞ்சித்குமார், மதுராந்தகம் பக்கம். நல்ல பையன். முந்தின நாளே வந்து மாமல்லபுரத்தில் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அவரை ஏற்றிக்கொண்டேன். அப்போது சுத்தமாக இருந்தார். காலைத் தட்டச் சொன்னேன், தட்டினார். அதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வழியில்தான் சொன்னார். "சகல, சதுரங்கப்பட்டினம் கடல்ல ரெண்டே ரெண்டு போட்டோ. நம்ம நிதின் பைக்ல வந்துகினு கீறான். அரை மணி நேரம்தான்."

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. நேரம் இருந்தது. கடற்கரைக்குள் காரை இறக்காமல் சிமென்ட் ரோட்டின் மேலேயே நிறுத்திக்கொண்டேன்.

போட்டோ எடுப்பவர் நிதின் இரண்டு போட்டோவோடு நிற்கவில்லை. முதலில் அலைக்கு முன்னால் ஓடச் சொன்னார். அப்புறம் ஏதோ கலர்ப் பொடியை ஊதிவிட்டு, புகை மாதிரி வருகிறபோது அதற்குள்ளிருந்து நடந்து வரச் சொன்னார். மாப்பிள்ளை பின்பக்கமாக நடந்துகொண்டே சிரிக்க, ஒரு அலை வந்து காலை வாரிவிட்டது. எழுந்தபோது அவர் உடம்பில் இல்லாதது ஒன்றும் இல்லை. கீழே உப்புத் தண்ணீர், அதன்மேல் ரோஸ் கலர், அதன்மேல் மணல். தலையில் வலைத்துண்டு ஒன்று மாட்டியிருந்தது.

நிதின் பெண்ணுக்கு மேக்கப் போடுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று பைக்கில் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளையின் போனும் மாற்றுத் துணியும் அவர் பையோடு போய்விட்டன. மாப்பிள்ளை என் காரைப் பார்த்து வந்தார்.

"கதவத் தொற சகல, டைம் ஆவுது."

என் சீட் துணி சீட், மேடம். சந்தன நிறம். உப்புத் தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் இறங்கினால் அங்கேயே குடித்தனம் செய்யும். கீழே சீட்டைத் தாங்குகிற கம்பி இரும்பு. அதை அவருக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் வெயிலில் நின்று காய்ந்துகொள்கிறேன் என்றார். காய்ந்தால் இன்னும் மோசம், உப்பு பொடிப்பொடியாக உறைந்துவிடும் என்றேன்.

நான் கைவிட்டுவிடவில்லை. டிக்கியில் எப்போதும் இரண்டு வாளியும் ஷாம்பும் இருக்கும். வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் அடிபம்பு இருக்கிறது. அங்கே அவரை நிறுத்தி முறைப்படி கழுவினேன். முதலில் தண்ணீர் மட்டும். அப்புறம் நுரை. தலையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும், ஏனென்றால் அடிப்பாகத்தில்தான் அழுக்கு அதிகம்.

"இன்னா சகல, என்னயும் காரு மாதிரியே கழுவுற?"

"அசையாதீங்க. சோப்பு காஞ்சா திட்டு நிக்கும்."

வலை பின்னிக்கொண்டிருந்த அமிர்தவல்லி என்ற அம்மா வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருப்பா அது?" என்று கேட்டார். "கல்யாண மாப்பிள்ளை" என்றேன். அவர் இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டார்.

நன்றாகவே வந்தது. ஆனால் பம்பிலிருந்து காருக்கு முப்பதடி. அந்த முப்பதடியும் மணல். ஈரக்காலோடு நடந்து வந்தவர் முழங்கால் வரை திரும்பவும் மணல் பூசிக்கொண்டு நின்றார். மறுபடி பம்பு. மறுபடி மணல். மூன்றாம் தடவை அவரே ஒரு வழி சொன்னார்.

"தூக்கிகினு போய் உக்கார வெச்சிடு சகல. கால்ல வுழுந்து கேக்குறேன்."

"விழாதீங்க, மறுபடி மணல் ஒட்டும்" என்றேன். தூக்குவதையும் யோசித்துப் பார்த்தேன். தூக்கினால் என் சட்டை நனையும். நான் உட்காருவது டிரைவர் சீட்.

அப்போது மணி எட்டு. நான் போய் ஆட்டோ அனுப்புகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். நான் கிளம்பினேன். அப்படித்தான் உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார்.

மண்டபத்துக்கு எட்டரைக்கு வந்துவிட்டேன். வாசலில் பெரிய புளியமரம், அதில் நிறையக் கொக்கு. வேடந்தாங்கலில் இடம் கிடைக்காததெல்லாம் இங்கே வந்துவிட்டது போல. கொக்கு இல்லாத நிழலாகப் பார்த்துக் காரை நிறுத்தவே அரை மணி ஆயிற்று. அந்த அலைச்சலில் ஆட்டோ விஷயம் மனதிலிருந்து போய்விட்டது.

உள்ளே போனதும் மாமியார் ஓடி வந்தார்கள். "மாப்ள எங்க?"

"வேற வண்டில வந்துகினு கீறாரு" என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது. அவர் ஏதோ ஒரு விதத்தில் வரத்தான் வேண்டும்.

அவர் கடற்கரையில் நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்? "கார் சாவியக் குடு, போய் இட்டுகினு வரோம்." மண்டபத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு படாத கை ஒன்றுகூட இல்லை, மேடம். நான் யோசித்துத்தான் சும்மா இருந்தேன்.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா மாமியாரைப் பார்த்து, "ஒங்க பொண்ணுகிட்ட இன்னா கொறயோ" என்றார்கள். மாமியார் கையிலிருந்த சீர்ப் பாத்திரக் கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அன்பரசி மட்டும் மேடையில் அசையாமல் இருந்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது. துடைக்காமல் விட்டால் திட்டு விழும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது சொல்லுகிற நேரம் இல்லை என்று புரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். என்னிடம் அந்த நிதானம் உண்டு.

பத்தேகாலுக்கு ஒரு மீன் வண்டி வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகள். நடுவில் மாப்பிள்ளை. கடல்பக்கத்திலிருந்து கிடைத்த முதல் வண்டி அதுதானாம். எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் எல்லாரிடமும், "போட்டோ மோகத்துல வண்டிய வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார். அதாவது தப்பு தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அன்பரசி அவரை மேலும் கீழும் பார்த்தாள். காதோரம் ஒரு மீன் செதில் மின்னிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் வேட்டியக் கட்டிகினு வாய்யா, பசிக்குது" என்றாள். பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. நான் அட்சதை போட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது சுஜாதா பின்னால் வந்து என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள். "புதுசா கட்டிகினதுங்க முட்டுக்காட்டுல போட்ல ஏறணுமாம். நீங்க சாப்புடுங்க" என்றாள். மீன் வண்டி டிரைவர் அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் அப்படி இருந்தது.

நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து ஆறு பேர். ஐந்து பேர் உட்காருகிற கார், மேடம். மாலையோடு உட்கார்ந்தார்கள். ஒருவர் வாயில் பீடா. ஒரு குழந்தை கையில் ஐஸ்கிரீம். யாரும் காலைத் தட்டவில்லை. ஆரத்தித் தண்ணீரை டயர்மேல் ஊற்றினார்கள். கார் போய்விட்டது.

நான் பதறவில்லை. திரும்பிப் போய்ப் பாயசத்தைக் குடித்தேன். பிறகு போலீஸுக்குப் போன் செய்தேன்.

நான் கொடுத்தது பொய்ப் புகார் என்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். கருநீலக் காரைச் சாவியோடு எடுத்துக்கொண்டு போனார்கள் என்றேன், உண்மை. ஆறு பேர் கொண்ட கும்பல் என்றேன், எண்ணிப் பார்க்கலாம். கல்யாணச் சேலையில் ஒரு பெண் உள்ளே இருக்கிறாள், அவள் வீட்டார் மண்டபத்தில் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்றேன். பெண்ணை அனுப்பிய வீட்டில் அழாமல் என்ன செய்வார்கள்? ஆயுதம் இருக்கிறதா என்று உங்கள் ஆள் கேட்டார். முன் சீட்டில் இருந்தவர் கையில் தேங்காய் இருந்தது. ஓங்கி எறிந்தால் அதுவும் ஆயுதம்தான். இருக்கிறது என்றேன்.

முட்டுக்காட்டுப் பாலத்துக்கு முன்னால் மடக்கினீர்கள். மாப்பிள்ளையை மாலையோடு ரோட்டில் மண்டிபோட வைத்தீர்கள். ஈ.சி.ஆரில் போன பாதிப் பேர் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தார்கள். காலையிலிருந்து போட்டோ போட்டோ என்று அலைந்தவர்தானே. அன்பரசி உங்கள் கான்ஸ்டபிளை மாலையால் அடித்தாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்குத் தகவல் சொன்னது நீங்கள்தான். "பொண்ணு பத்திரமா இருக்குது, சார்" என்றீர்கள். நான், "சீட்?" என்றேன். அங்கேதான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று இப்போது சொன்னீர்கள். கேள்வியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டிருக்கலாம்.

சுஜாதா வெளி பெஞ்சில் இருக்கிறாள். நான் உள்ளே வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "நீ அந்தக் காரோடயே குடும்பம் நடத்து." கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இன்றுதான் என்னை நீ என்கிறாள். கோபம் தணிந்ததும் யோசிப்பாள்.

மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார். சகல தெரியாம பண்ணிட்டாரு, வுட்ருங்க மேடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் நடந்ததையும் நீங்கள் தோண்டிக் கேட்டதற்கு, நான் கால் கழுவிகினு இருந்தேன், சகல கவனிக்காம போயிட்டாரு, அவ்ளோதான் என்று எனக்காகச் சொல்லியிருக்கிறார். நல்ல பையன் என்று முதலிலேயே சொன்னேன்.

ஆனால் காகிதத்தில் இருப்பது சரியாக இருக்க வேண்டும் இல்லையா. ஆட்டோ அனுப்புகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அவர் பம்படியில் குனிந்திருந்தபோது சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். அவர் பார்த்துவிட்டார். ஈரக்கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சகல, சகல" என்று ரோட்டு முனைவரை ஓடி வந்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் போனேன். முனையில் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தத்தான் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக, கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

அங்கே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, மேடம். வேகமாக இறக்கினால் அடியெல்லாம் சேறு அடிக்கும்.